பாண்டித்துரையின் இழைப்புளி

முத்துவேலின் சாமான் பை எர்ணாகுளத்தில் தொலைந்தது. அடுக்குமாடி வீடு ஒன்றில், மழைக்கு உப்பிப்போன கதவுகளை இழைத்துப் பொருத்துகிற வேலை. மதியம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் லிஃப்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்த பை போன இடம் தெரியவில்லை. காவலாளி நல்ல மனிதர், நன்றாகத் தூங்கியிருந்தார். கேமரா இருந்தது, அது படம் பிடிக்கவில்லை. இழைப்புளி, உளிகள், வாள், மூலைமட்டம், தீட்டுகல் எல்லாமே அந்தப் பைக்குள்தான். சுரண்டையை விட்டுக் கொச்சிக்கு வந்த நாளிலிருந்து ஒன்றொன்றாகச் சேர்த்தவை. அன்றைக்குப் பள்ளுருத்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போனவன், மனைவி பொன்மணி போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

மெஷினை வாடகைக்கு எடுத்து வேலையை முடிக்கலாமே என்று தோன்றும். அந்தக் கட்டடத்தில் அது நடக்காது. மெஷின் சத்தம் கூடாதென்று குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டிருந்தது. ஒரு வீட்டில் கைக்குழந்தை, இன்னொரு வீட்டில் அமெரிக்கக் கம்பெனிக்கு ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற பையன். அதனால்தான் கைவேலைக்காரன் என்று தேடி முத்துவேலைக் கூப்பிட்டிருந்தார்கள். கையில் சாமான் இல்லையென்றால் அவன் அங்கே எதற்கு? வேறு ஆள் வருவான்.

புதுசு வாங்கிவிடு என்று சொல்லாதவர் இல்லை. சொல்பவர்களை அந்தப் புது இழைப்புளியால் ஒரு நாள் தேக்கைத் தள்ளச் சொல்ல வேண்டும். பார்க்கப் பளபளவென்று இருக்கும், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி. அரை நாள் ஓட்டினால் தகட்டின் முனை மழுங்கி மரத்தைப் பிறாண்ட ஆரம்பிக்கும். நல்ல எஃகு வேண்டுமென்றால் விலை அவனுக்கு எட்டாது, அவனுக்கு எட்டுகிற விலையில் வருவது எஃகே இல்லை. பழைய சாமான்தான் வழி. பழைய சாமான் என்றால் மட்டாஞ்சேரி.

முதலில் யூதத்தெருப் பக்கம் போய் ஏமாந்தான். அங்கே கடைக்காரர்கள் துருப்பிடித்த உளிக்குக்கூடக் கீழே பட்டுத்துணி விரித்து வைத்திருந்தார்கள். அதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் வாங்கிப்போய்ச் சுவரில் மாட்டுவதற்கு. ஒரு கடையில் இழைப்புளியைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தான் என்று கடைக்காரருக்குக் கோபமே வந்துவிட்டது. அடிப்பாகத்தைப் பார்க்காமல் இழைப்புளி வாங்குகிறவனை என்னவென்று சொல்வது? அப்புறம் பழைய இரும்புக்கடைகளாக ஏறி இறங்கினான். துரு என்றால் அவன் பயப்படுகிறவன் இல்லை. மேலே பொடியாகப் படிந்த துரு தேய்த்தால் போய்விடும், குழி விழுந்த துருதான் வியாதி. உளியின் தலை காளான் மாதிரி விரிந்திருந்தால் அது சுத்தியலால் அடிபட்டது, வேண்டாம். வாளை வளைத்து விட்டால் நேராக நிற்க வேண்டும். தகட்டை நகத்தால் சுண்டினால் சத்தம் கொஞ்ச நேரம் காதில் நிற்க வேண்டும். இரண்டு நாள் சுண்டிச் சுண்டி நகம் வலித்ததுதான் மிச்சம்.

கடைசியில் யூசுப் இக்காதான் வழி சொன்னார். பஜார் ரோட்டில் சுக்கு கோடவுனை ஒட்டி அவருக்கு ஆக்ரிக்கடை, நம்மூர்க் காயலான்கடைதான். குப்பையில் உட்கார்ந்து வெள்ளைச்சட்டை போட்டிருக்கிற மனிதர்.

"நீ வாங்கி மறுபடி விக்கிற ஆளா, வேலை செய்யிற ஆளா?"

"வேலை செய்யுத ஆளுதான் இக்கா. கையப் பாருங்க."

அவர் நிஜமாகவே கையைப் பிடித்துப் பார்த்தார். "பின்னே இங்க கிளறாதே. கோடவுனுக்குப் பின்னாடி ஒரு வீடு உண்டு. உங்க தமிழ் ஆசாரிமார் வீடுதான், பாட்டன் காலத்திலேயே இங்க வந்தவங்க. சுபாஷிணின்னு கேளு. சாமான் நல்ல சாமான். நான் எடைக்குக் கேட்டேன், தரமாட்டேன்னு சொல்லிச்சு. வேலைக்காரன் வந்தா அனுப்புன்னும் சொல்லிச்சு." கொஞ்சம் தயங்கினார். "அது சொல்றதைக் கேட்டுட்டு, சரிப்பட்டா எடுத்துக்கோ. சரிப்படலேன்னா வந்துரு. யாரும் உன்னைக் குத்தம் சொல்லமாட்டாங்க."

அந்தக் கடைசிப் பேச்சு முத்துவேலுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போனான்.

கீழே பட்டறை, மேலே குடியிருப்பு என்று கட்டிய பழைய வீடு அது. பட்டறையின் கூரைதான் மேல்வீட்டின் தரை. மரப்பலகைகள். பலகைகளுக்கு நடுவே அங்கங்கே கோடு கோடாக வெளிச்சம் தெரிந்தது. கதவைத் திறந்த சுபாஷிணிக்கு நாற்பதைத் தாண்டிய வயது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை. அவன் உள்ளே வரும் முன்பே உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் குறைச்சுப் பேசணும், கேட்டீங்களா. மேலே எங்க அம்மை படுக்கையில கிடக்கு."

சாமான்களைப் பார்த்ததும் முத்துவேல் மற்றதையெல்லாம் மறந்தான். சுவரோரமாகச் சட்டம் அடித்து உளிகளை வரிசையாகச் செருகியிருந்தார்கள். மெல்லியதிலிருந்து அகலமானது வரை ஒன்றுகூடக் குறையவில்லை. எல்லாவற்றிலும் எண்ணெய் தடவியிருந்தது. பெரிய இழைப்புளியை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அடியில் மூலைமட்டத்தை வைத்தான். ஒரு நூல் வெளிச்சம்கூட ஊடே வரவில்லை. ஆப்பைத் தட்டித் தகட்டைக் கழற்றிச் சுண்டினான். கோயில் மணி ஓய்வது போல அது மெல்ல ஓய்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிடும் போலிருந்தது அவனுக்கு. ஆசைதான். வேறொன்றும் இல்லை.

"சேச்சி, இது யாருக்க சாமான்?"

"அண்ணனோடது. பாண்டித்துரை. அண்ணன் போயாச்சு. மழை தொடங்கின சமயத்தில, வல்லார்பாடம் ரோட்டில, ஸ்கூட்டர்ல போகும்போ. ஆஸ்பத்திரியில இருந்து நேரே சுடுகாடு." அவள் பலகைக்கூரையை அண்ணாந்து பார்த்தாள். குரல் இன்னும் தணிந்தது. "அம்மைக்கு அறியாது."

முத்துவேலுக்குப் புரியவில்லை. ஒரே வீட்டில் இருந்த மகன் செத்தது தாய்க்கு எப்படித் தெரியாமல் போகும்?

போகும். அந்த வீட்டில் போகும். பாண்டித்துரைக்கு ஒரு காலத்தில் ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. சுல்லிக்கல் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். தாய் ஆவுடையம்மாள் சம்மதிக்கவில்லை. சம்மதிக்காததோடு நின்றாளா? அந்தப் பெண்ணின் வீட்டு வாசலுக்கே போய், தெருவே கேட்கும்படி நாலு வார்த்தை சொல்லிவிட்டு வந்தாள். அந்த வார்த்தைகளை எந்த வீடும் மறக்காது. அந்தப் பெண்ணை அவசரமாக வேறு எங்கோ கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்குப் பாண்டித்துரை தன் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே பட்டறைக்கு இறங்கினான். மறுபடி மாடிப்படி ஏறவில்லை. தாயோடு ஒரு சொல் பேசவில்லை. அவள் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தபோதும், ஆள் வைத்தான், மருந்து வாங்கிக் கொடுத்தான், மேலே மட்டும் போகவில்லை. அவள் மேலே கிடந்தாள், அவன் கீழே இழைத்தான். பலகை வழியாகக் கேட்கிற அந்தச் சத்தம்தான் அவளுக்கு மகன்.

"பாலக்காட்டில கோயில் கதவு வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லியிருக்கேன்," என்றாள் சுபாஷிணி. "இப்போ அம்மை கஞ்சி குடிக்கிறதில்ல. 'என்னால்தான் போயிட்டான், இனி வரமாட்டான்'னே ஒரே பேச்சு. டாக்டர் சொல்றதைப் பார்த்தா அதிகம் காலம் இல்ல. நீங்க இதுக்கு ஒண்ணும் தரண்டாம். காலையில வேலைக்குப் போற வழியில இங்க வந்து கொஞ்ச நேரம் இழைக்கணும். உங்க வேலைக்கான மரத்தைத்தான் இழைங்களேன். பின்னே சாமானை எடுத்துக்கிட்டுப் போலாம். அம்மை உள்ள காலம் வரைக்கும் இப்படி. அப்புறம் எல்லாம் உங்களுக்குத்தான்."

"நான் பேசணுமா?"

"பேசவே கூடாது. அண்ணன் பேசமாட்டான்."

ஓடிவிட வேண்டும் என்றுதான் முத்துவேலுக்கு முதலில் தோன்றியது. செத்தவன் இடத்தில் நின்று செத்தவன் சாமானைத் தள்ளுவதா? ஆனால் இழைப்புளி அவன் கையில் இருந்தது, அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. யாரும் கேட்டால், படுக்கையில் கிடக்கிற ஒரு கிழவிக்குச் செய்கிற உபகாரம் என்று சொல்லிக்கொள்ளலாம். அவனும் தனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டான். உண்மையில் அந்தத் தகட்டின் சத்தம் அவன் காதை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான் சங்கதி.

மறுநாள் காலை சுபாஷிணி கதவுச் சட்டத்தில் விரலால் தட்டிக் காட்டினாள். இரண்டு நீட்டம், ஒரு குறுக்கல், கொஞ்சம் நிறுத்தம். "அண்ணன் இப்படியாக்கும் இழைப்பான்." முத்துவேல் மனதுக்குள் சிரித்துக்கொண்டான். ஒவ்வொருவனுக்கும் ஒரு கைப்போக்கு, இதைப் போய் யார் கவனிப்பார்கள்? ஆனால் மரத்தில் வைத்துத் தள்ளியபோதுதான் விஷயம் தெரிந்தது. இழைப்புளியின் முன்பக்கத்தில் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு குழி விழுந்திருந்தது. மற்றவர்கள் விரல் வைக்காத இடம் அது. அவன் தன் வழக்கப்படி பிடித்தால் இழைப்புளி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விரலை அந்தக் குழிக்குள் வைத்தால் சொன்னபடி ஓடியது. குழிக்குள் விரல் போனால் மணிக்கட்டு தானாகத் திரும்பியது. மணிக்கட்டு திரும்பினால் நீட்டித் தள்ள இரண்டு தடவைக்கு மேல் முடியவில்லை, மூன்றாவது குறுகித்தான் வந்தது. அப்புறம் மரச்சுருளை ஊதித் தள்ள நிறுத்த வேண்டியிருந்தது.

இரண்டு நீட்டம், ஒரு குறுக்கல், நிறுத்தம்.

மேலே இருமல் கேட்டது. பிறகு, பலகைக்குப் பின்னாலிருந்து, கரகரத்த குரல்.

"சுபா, அவன் வந்துட்டானா?"

"வந்துட்டான் அம்மை."

"பின்னே கஞ்சி கொண்டா. இன்னைக்கு உப்பு போடு."

சுபாஷிணி மாடிப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுததை முத்துவேல் பார்த்தான். பார்க்காதது போல இழைத்துக்கொண்டிருந்தான்.

சாமான் தங்கமான சாமான். எர்ணாகுளத்துக் கதவுகள் அதன் கீழ் வெண்ணெயாக வழிந்தன. அந்தக் கட்டடத்திலேயே அடுத்தடுத்து மூன்று வீட்டுக்காரர்கள் அவனைக் கூப்பிட்டார்கள். காலையில் பள்ளுருத்தியிலிருந்து பஸ் ஏறி மட்டாஞ்சேரியில் இறங்கி, இழைத்துவிட்டு, சுபாஷிணி தருகிற சாயாவைக் குடித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போவான். பழகிவிட்டது. பழகிவிட்டதுதான் வினை.

பட்டறைச் சுவரில் ஒரு ஆணி. அதில் பாண்டித்துரையின் நீலச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. முத்துவேல் தன் சட்டையை எப்போதும் ஜன்னல் கம்பியில்தான் போடுவான். ஒரு நாள் வேலை முடித்துக் கையில் கிடைத்த சட்டையைப் போட்டுப் பொத்தானையும் மாட்டிவிட்டான். சாயா கொண்டுவந்த சுபாஷிணி கதவருகில் நின்று ஒரு சத்தம் போட்டாள். தம்ளர் உருண்டு சாயா தரையெல்லாம் ஓடியது. அவன் குனிந்து பார்த்தான். நீலச் சட்டை. தைத்த மாதிரி பொருந்தியிருந்தது. அவசர அவசரமாகக் கழற்றி ஆணியில் மாட்டினான். மரத்தூளும் பீடியும் கலந்த ஒரு வாடை அன்றைக்கு முழுவதும் அவன் மேல் இருந்தது. அவன் பீடி குடிக்கிறவன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் குளியலறைக் கதவு இடித்தது. அதைக் கழற்றி வாசலில் போட்டு, பாண்டித்துரையின் சாமானைச் சொந்த வீட்டுக் கதவில் வைக்க மனம் வராமல், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய ஒரு ஓட்டை இழைப்புளியால்தான் இழைத்தான். பொன்மணி அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் அவனைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"நீங்கதானா? வேற யாரோ ஆசாரிய வரச்சொல்லி வேலை நடக்குன்னுல்லா நெனச்சேன்."

"ஏன், எனக்கென்ன?"

"ஒங்க இழைப்பு எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆன நாள்லேருந்து கேக்கேன். ஒரே ஓட்டமா ஓடும். இது என்னது, ரெண்டு இழுப்பு, ஒரு நிப்பாட்டு? யாருகிட்டப் படிச்சிய?"

தன் பழைய ஓட்டத்தை வரவழைக்கப் பார்த்தான். நாலைந்து தடவை தள்ளினான். கை கேட்கவில்லை. இரண்டு நீட்டம், ஒரு குறுக்கல். இந்த இழைப்புளியில் குழியும் இல்லை, ஒன்றும் இல்லை. பொன்மணியிடம் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு மீதிக் கதவை அப்படியே போட்டுவிட்டான்.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. தோப்பும்படிச் சந்திப்பில் ஒரு லாரி நின்றுபோய் வண்டிகள் எல்லாம் மாட்டிக்கொண்டன. முத்துவேல் நடந்தே வந்து சேர்ந்தபோது நன்றாக வெயில் ஏறியிருந்தது. பயந்துகொண்டே கதவைத் தட்டினான்.

"மன்னிக்கணும் சேச்சி. பஸ்ஸு நவுரல. அம்மா கேட்டாவளா?"

சுபாஷிணியின் முகம் வெளுத்திருந்தது. "அம்மை அப்பவே கஞ்சி குடிச்சாச்சு. 'இன்னைக்கு அவன் நேரத்தோடயே தொடங்கிட்டான், எந்தோ அவசர வேலை போல'ன்னு சொல்லிச்சு. நானும் நீங்க வந்துட்டீங்கன்னுதான் கீழே வந்து பார்த்தேன். கதவு பூட்டியிருந்துச்சு."

இழைப்புளி அவன் தோள் பையில்தான் இருந்தது. இரண்டு பேரும் காலியாகக் கிடந்த பட்டறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். படுத்துக் கிடக்கிற வயசான காதுக்கு இல்லாத சத்தமும் கேட்கும் என்று அவள் சொன்னாள். ஆமாம் என்றான் அவன். இருவரும் அதை நம்பவில்லை. சாமானைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று அன்றைக்குப் பஸ்ஸில் உட்கார்ந்து முடிவு செய்தான். எர்ணாகுளத்தில் இறங்கி அன்றைய கதவில் தகட்டை வைத்ததும் அந்த முடிவு போன இடம் தெரியவில்லை.

துலாமாச மழை, நம் ஐப்பசி மழை, தொடங்கியது. ஒரு காலை, வானம் இருண்டு இடித்துக்கொண்டிருந்தது. சுபாஷிணி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். முத்துவேல் ஒரு தேக்குப் பலகையைப் பெஞ்சில் வைத்து இழைக்கத் தொடங்கினான். சுருளை ஊத அவன் நிறுத்திய இடத்தில், மேலிருந்து குரல் வந்தது. மகளைக் கூப்பிடும் குரல் இல்லை. தரையோடு வாயை வைத்துப் பேசுவது போல நேரே அவன் தலைக்கு மேல் கேட்டது.

"பாண்டீ."

எத்தனையோ வருஷமாக அந்தப் பலகை வழியாக மகனுக்கென்று ஒரு வார்த்தைகூட இறங்கியதில்லை என்று சுபாஷிணி சொல்லியிருந்தாள்.

"நீ பேசண்டாம். உன்னைப் பேசச் சொல்லல்ல. நான் சொல்றதைக் கேட்டா மதி, அது போதும்." மூச்சு வாங்கியது. "அந்தப் பெண்ணு வாசல்ல போய் நான் சொன்னது பாவம். எனக்கு அன்னைக்கே தெரியும். சொல்லிட்டுத் திரும்பி நடக்கும்போதே தெரியும். ஆனா எனக்கு வாயி வரல்ல மோனே. உன்கிட்ட வந்து சொல்ல வாயி வரல்ல. இப்போ காலும் இல்ல. போற நேரமாச்சு."

மழை ஓட்டில் இரைந்தது. முத்துவேல் இரண்டு கையாலும் இழைப்புளியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மன்னிச்சேன்னா கொட்டாப்புளி எடுத்து பெஞ்சில ஒரு தட்டு தட்டு. ஒண்ணு மதி. இல்லேன்னா நீ உன் வேலையைப் பாரு. நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்."

கொட்டாப்புளி, உளியை அடிக்கிற அந்த மரச்சுத்தி, கைக்கெட்டும் தூரத்தில், உளிகளுக்குப் பக்கத்தில் கிடந்தது. முத்துவேல் வாசலைப் பார்த்தான். சுபாஷிணி வந்துவிட்டால் தேவலை. வரவில்லை. இது அவன் கொடுக்கக்கூடிய சாமான் இல்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. இன்னொருவனின் கோபம். அதைப் பாண்டித்துரை அத்தனை வருஷம் தீனி போட்டு வளர்த்திருக்கிறான், இந்தப் பாய், இந்தப் பட்டறை, இந்தப் படி ஏறாத கால் எல்லாம் அந்தக் கோபத்தால் ஆனவை. அதைத் தூக்கிக் கொடுக்க, சுரண்டையிலிருந்து பிழைக்க வந்த முத்துவேல் யார்? ஆனால் மேலே ஒரு கிழவி தரையில் காதை வைத்துக்கொண்டு மூச்சை அடக்கிக் காத்திருக்கிறாள். அந்த மூச்சு நின்றிருப்பது அவனுக்குக் கேட்டது. சும்மா இருந்தால் அவள் அப்படியே செத்துப்போவாள். ஒரே ஒரு தட்டு. யாருக்கு என்ன நஷ்டம்? பாண்டித்துரைதான் இனி எழுந்து வந்து சண்டை போடப்போகிறானா?

கொட்டாப்புளியை எடுத்தான். பெஞ்சில் ஒரு தட்டு தட்டினான்.

அழுகை கேட்கும் என்று எதிர்பார்த்தான். ஏதாவது ஒரு வார்த்தை, ஒரு முனகல். ஒன்றுமே கேட்கவில்லை. மழை மட்டும் இரைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இழைக்கப் பார்த்தான். கை வரவில்லை. இரண்டு நீட்டமும் வரவில்லை, அவனுடைய பழைய ஓட்டமும் வரவில்லை. இழைப்புளியை வைத்துவிட்டுப் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தான்.

சுபாஷிணி நனைந்துகொண்டு வந்தாள். மருந்தோடு மேலே போனாள். போன வேகத்தில் இறங்கி வந்தாள்.

"என்ன செஞ்சீங்க?"

"ஏன் சேச்சி?"

"அம்மை உங்களை மேலே வரச்சொல்லுது."

"பாண்டின்னு சொல்லித்தானே?"

"இல்ல." அவள் மாடிப்படியைக் கைகாட்டினாள். "'கீழே நிக்கிற ஆளை வரச்சொல்லு'ன்னு."

அந்தப் படியில் முத்துவேல் அன்றைக்குத்தான் முதல்முறை கால் வைத்தான். யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போலவே இருந்தது, ஒவ்வொரு படிக்கும். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

ஆவுடையம்மாள் கட்டிலில் இல்லை. கட்டிலிலிருந்து இறங்கித் தரையில்தான் கிடந்தாள். எப்படி இறங்கினாளோ. தூக்கிப் படுக்கவைக்கப் போன மகளைக் கையால் தள்ளினாள். சின்ன உருவம், சின்ன முகம். கண் மட்டும் அவனையே பார்த்தது.

"அவன் எப்போ போனான்?"

சுபாஷிணி சொன்னாள். ஸ்கூட்டர், லாரி, ஆஸ்பத்திரி எல்லாம் சொன்னாள். சொல்லும்போதே உட்கார்ந்து தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். கிழவி அழவில்லை.

"எனக்கு அந்தத் தட்டு கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு," என்றாள் ஆவுடையம்மாள். "என் மகன் தட்டமாட்டான். அவன் என் வயித்தில பிறந்தவனாக்கும். என் பிடிவாதம் அவனுக்கு உண்டு. நான் அவன் காலில விழுந்து கேட்டாலும் தட்டமாட்டான். தட்டினா அது அவன் இல்ல." முத்துவேலைப் பார்த்து விரலை நீட்டினாள். "நீ ஆரு? உன்கிட்ட நான் மன்னிப்பு கேட்டேனா? உன் மன்னிப்பை வச்சு நான் என்ன செய்ய?"

"தப்புதான்மா. பாவமா இருந்துச்சு. நீங்க காத்துக்கிட்டு கெடந்திய."

"காத்துக்கிடந்தா என்ன? அத்தனை வருஷம் காத்துக் கிடக்கலையா? அவன் தட்டாம இழைக்கிறதைக் கேட்டுக்கிட்டுத்தான் கிடந்தேன். அதில எனக்கு என்ன குறை இருந்துச்சு? கோபமா இருந்தாலும் இருந்தான்."

அவன் கைகூப்பினான். சாமான் எல்லாவற்றையும் இப்போதே கீழே வைத்துவிட்டுப் போய்விடுகிறேன், இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்றான். சொல்லும்போது அது உண்மையாகவே அவன் மனதில் இருந்தது. ஆசையெல்லாம் எங்கோ போய்விட்டிருந்தது. அந்த வீட்டிலிருந்து வெளியே இறங்கி மழையில் நனைந்தால் போதும் என்றிருந்தது.

கிழவி கண்ணை மூடினாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது என்று அவன் நினைத்தான். சுபாஷிணி அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள். போர்வையை இழுத்துவிட்டாள். முத்துவேல் படி இறங்கத் திரும்பினான்.

"நாளைக்கு வா," என்றாள் ஆவுடையம்மாள் கண்ணைத் திறக்காமலே.

அவன் நின்றான்.

"வந்து இழை. எப்பவும் போல. ஆனா இனி தட்டாதே."

சுபாஷிணி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். தாய் கையை உயர்த்தினாள், மகள் அடங்கிவிட்டாள்.

அன்று அவன் வேலைக்குப் போகவில்லை. மறுநாள் வரக்கூடாது என்றுதான் படுக்கும்போதும் நினைத்தான். பொன்மணியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டு முடித்ததும் எழுந்து போய்ச் சாமிப்படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு வந்து, "போவாதீய," என்றாள். சரி என்றான். காலையில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான். எதற்கு வந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. கால் கொண்டுவந்தது என்று சொல்லலாம், ஆனால் அது யாருடைய கால் என்ற சந்தேகம் அவனுக்கு வந்துவிட்டிருந்தது.

பட்டறைக் கதவு திறந்தே இருந்தது. தேக்குப் பலகை பெஞ்சில் அப்படியே கிடந்தது. இழைப்புளியை எடுத்து, கட்டைவிரலைக் குழிக்குள் வைத்தான். இரண்டு நீட்டம், ஒரு குறுக்கல். ஊதினான். மறுபடி இரண்டு நீட்டம். மேலே மாடியில் பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது, பிறகு ஆவுடையம்மாளின் குரல், கஞ்சி குடித்துவிட்டுப் பேசுகிற தெம்போடு.

"கேட்டியாடீ சுபா? அவனுக்கு என் மேல கோபம் இன்னும் தீரல்ல."

முத்துவேல் தட்டவில்லை. இழைத்துக்கொண்டே இருந்தான்.